யோகராஜ் திருடாத ஃபேன்

நாவலப்பிட்டியில் கம்ப்யூட்டர் திருத்துகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்து ஒரு மாதம் இழுத்தடிப்பார். இன்னொருவர் பெட்டியைத் திறக்காமலே "போர்ட் போயிடுச்சி" என்று கையை விரிப்பார். மூன்றாவது ஆள் யோகராஜ். அவனிடம் போனால் முதலில் ஏச்சுதான் விழும். "இத எங்க வச்சிருந்தீங்க, அடுப்படியிலயா? உள்ள கரப்பான் குடும்பமே நடத்துது!" என்று ஆரம்பிப்பான். கொண்டுவந்தவர் நெளிவார். ஆனாலும் பெட்டி சொன்ன நாளில் திருந்தி வரும் என்பதால், சனம் ஏச்சை வாங்கிக்கொண்டு அவனிடமே போனது.

கோபம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். யோகராஜுக்குக் கை இன்னும் நிதானமாகும். வாய் கத்திக்கொண்டிருக்கும்போதே விரல்கள் பொடி ஆணியை அலுங்காமல் கழற்றி வைக்கும். அவனுடைய அப்பா காளிமுத்து, தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை அறைகளில் ஒன்றில் குடியிருந்து, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர். யோகராஜ் அங்கே போகவில்லை. கண்டி டவுனில் ஒரு கடையின் பின்னறையில் ஆறு வருடம் உட்கார்ந்து தொழில் கற்றான். முன்னால் ஒரு டை கட்டிய ஆள் நின்று, இவன் திருத்தியதையெல்லாம் தான் திருத்தியதாகச் சொல்லிக் கொடுப்பான். அங்கே இவன் கண்ணால் பார்த்த இன்னொன்றும் உண்டு. விவரம் தெரியாமல் வருகிறவர்களின் பெட்டியிலிருந்து நல்ல சாமானைக் கழற்றிவிட்டு, இற்றுப்போனதை மாட்டி அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான் அவன் வெளியேறி, நாவலப்பிட்டியில் பாமசி மருந்துக்கடைக்கு மேலே பத்தடிக்கு எட்டடியில் ஓர் அறை எடுத்தான். பதினொரு வருடம் ஆகிறது.

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம். கழற்றிய பழைய சாமான் எதுவானாலும் ஒரு பையில் போட்டு, பெயர் எழுதி, உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். செத்துப்போன ஆணியானாலும் சரி. "ஒங்க சாமான் ஒண்ணும் இந்த ரூம்ல தங்காது" என்பான். பதினொரு வருடத்தில் ஒரே ஒரு தடவை அந்தச் சட்டத்தை மீறினான். அதுவும் யாரிடம் போய் மீறினான் என்று பாருங்கள், ராஜலிங்கம் ஐயாவிடம்.

ராஜலிங்கம் ஐயா கல்விக் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கோவில் நிர்வாகசபைச் செயலாளர். அவருடைய அப்பா தோட்டத்துப் பெரிய கிளாக்கர். அந்தக் காலம் போய் ஐம்பது வருடம் ஆகியும், அவர் பேச்சில் அந்த நாற்காலி இன்னும் போட்டபடியே இருந்தது. வீடு கம்பளை ரோட்டில், டவுனிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். மகனுக்கு வெளிநாட்டில், கட்டாரில் வேலை. போன வருடம் லீவில் வந்த மகன், அப்பாவுக்கும் மனைவிக்குமாக ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனான். ஐயா அதில் கோவில் கடிதங்களை அடிப்பார். மருமகள் நிஷாந்தி அதில்தான் புருஷன் முகத்தைப் பெரிதாகப் பார்த்துப் பேசுவாள்.

ஐயா பெட்டியை ஓர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.

"திடீர்னு ஃபேன் இரையிது தம்பி. மலையேறுற பஸ்ஸு மாதிரி. மகன் பேசுறது ஒண்ணும் வெளங்குதில்ல. கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடுது. அப்புறம் திரும்ப."

"எப்பப்ப வருது?"

"அதான் சொல்றேனே, திடீர்னு."

யோகராஜ் திறந்து பார்த்தான். உள்ளே தூசி கூட இல்லை. அப்படியொரு சுத்தமான பெட்டியை அவன் அந்த ஊரில் பார்த்ததில்லை. ஏசுவதற்கு ஒன்றும் கிடைக்காததில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சிப்பின் மேலிருந்த காய்ந்த பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவினான். ஒரு முழுப் பகல் ஓடவிட்டுப் பார்த்தான். பெட்டி சிவனே என்று கிடந்தது.

கொண்டுபோன மறுநாள் போன் வந்தது. "தம்பி, திரும்ப இரையிது."

"மேல ஏதும் மூடி வச்சிருக்கீங்களா ஐயா? காத்து போற எடத்துல?"

"சேச்சே. நாங்க சுத்தமா வச்சிருக்கிறவங்க தம்பி."

அடுத்த ஞாயிறு, சொல்லிவிட்டு வீட்டுக்கே போனான். முன்னறையில், வெளிச்சம் விழும் இடத்தில், மேசைமேல் பெட்டி பளபளவென்று நின்றது. பிளேன்டீ வந்தது, முறுக்கு வந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தான். வைரஸ் தேடினான், பின்னால் ஒளிந்து ஓடும் வேலைகளைத் தேடினான், ஃபேன் எந்தச் சூட்டில் எவ்வளவு சுற்ற வேண்டும் என்ற கணக்கைத் திருத்தி வைத்தான். ஒரு முனகல்கூட இல்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். அவன் பஸ் ஏறி டவுனுக்கு வந்து இறங்குவதற்குள் போன். "நீங்க போயி அரை மணி நேரம் இல்ல, திரும்ப ஆரம்பிச்சிருச்சி."

யோகராஜுக்கு அந்தப் பெட்டியின்மேல் கொலைவெறி வந்தது. தன்னிடம் நல்ல பிள்ளையாக நடித்துவிட்டு, முதுகைத் திருப்பியதும் ஆட்டம் போடுகிற பெட்டி. மூன்றாம் தடவை, பெட்டியைத் திரும்பக் கடைக்கு வரவழைத்து, ஃபேனையே மாற்றினான். தன்னிடமிருந்த புது ஃபேனைப் போட்டான். அதற்கு ஐயாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. தோற்றுக்கொண்டிருக்கிற ஆள் கூலி கேட்பதில்லை என்பது அவன் ரோசம்.

பழைய ஃபேனைத்தான் கொடுக்கவில்லை. அதை வேறொரு பெட்டியில் மாட்டி இரண்டு நாள் ஓடவிட்டு, குற்றம் ஃபேனில்தானா என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"பழசு எங்க தம்பி?" என்று கேட்டார் ஐயா.

"இங்க டெஸ்ட்ல ஓடுது ஐயா. ரெண்டு நாள்ல தந்துர்றேன்."

ஐயா, ஓடிக்கொண்டிருந்த அந்த ஃபேனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

புது ஃபேனும் அன்று மாலையே இரைந்தது. அது வேறு இன்னும் பெரிய ஃபேன், இன்னும் பெரிய இரைச்சல். ஐயா இந்தத் தடவை யோகராஜுக்குப் போன் பண்ணவில்லை. கோவில் திருவிழாக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் போட்டார். அதில் நூற்றி எண்பது பேர். யோகராஜ் அதில் இல்லை. அவன் மனைவி ஜெயராணி இருந்தாள். முன்பள்ளி டீச்சர் அவள். திருவிழாவுக்கு மாலை கட்டப் போனபோது யாரோ சேர்த்துவிட்டார்கள். நான்கு வருடத்தில் அவள் அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை, எல்லாவற்றுக்கும் கை கூப்புகிற படம் மட்டும் போடுவாள். அன்றைக்கு அடுப்படியில் நின்றபடி அந்த வொய்ஸைக் கேட்டுவிட்டு, போனை அவனிடம் நீட்டினாள்.

"வணக்கம் உறவுகளே. ஒரு எச்சரிக்கைக்காகச் சொல்றேன். பாமசிக்கு மேல கடை வச்சிருக்கிற யோகராஜ்கிட்ட சாமான் குடுக்கிறவங்க பாத்துக் குடுங்க. நம்ம வீட்டுப் பெட்டியில இருந்த நல்ல ஃபேன கழட்டி வச்சிக்கிட்டு, ஏதோ ஒண்ண மாட்டி அனுப்பியிருக்காரு. பழசு எங்கன்னு கேட்டா ஒழுங்கான பதில் இல்ல. என்ன படிச்சாலும் சில பேருக்கு லயத்துப் புத்தி போறதில்ல. நன்றி."

யோகராஜ் அதை மூன்று தடவை கேட்டான். ஃபேன் என்ற சொல்லில் அவனுக்கு வலிக்கவில்லை. கடைசிச் சொல்லுக்கு முந்திய இடத்தில்தான் வலித்தது. அப்பாவையும் சேர்த்து, அம்மாவையும் சேர்த்து, அந்த லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் படுத்தெழும்பிய அத்தனை பேரையும் சேர்த்து, ஒரு ஃபேனுக்காகக் கள்ளர்களாக்கிவிட்டு, நன்றியும் சொல்லி முடித்திருந்தார் மனுஷன். யோகராஜ் செருப்பை மாட்டினான்.

ஜெயராணி வாசலை மறித்தாள். "இப்பப் போயி கத்தாதீங்க. கத்தினீங்கன்னா அவரு சொன்னது சரின்னு ஆயிடும். கள்ளந்தான் கத்துவான்னு சொல்லுவாங்க."

"சும்மா இருந்தா ஒத்துக்கிட்டான்னு சொல்லுவாங்க."

"என்னா கோளாறுன்னு மொதல்ல கண்டுபிடிங்க. கையில அது இருந்தா கத்தலாம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவனுக்குக் கோபம் இரட்டிப்பானது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். மறுநாளிலிருந்து அதைக் கண்ணாலேயே பார்த்தான். வழக்கமாக வரும் ஒருவர் மடிக்கணினியைக் கொண்டுவந்து, அவன் முன்னாலேயே மூடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே இருந்ததையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டார். "சும்மா ஒரு ஞாபகத்துக்கு" என்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் அந்த மடிக்கணினியைத் திருத்திக் கொடுத்தான் யோகராஜ். அன்றைக்கு அவன் யாரையும் ஏசவில்லை. ஏசுவதற்கும் ஒரு தகுதி வேண்டும், அதைத்தான் பறித்துவிட்டார்களே. வருடா வருடம் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடும் பாடசாலையிலிருந்து, "இந்த முறை யோசிச்சிட்டுச் சொல்றோம் சேர்" என்று சொன்னார்கள். ஜெயராணியின் முன்பள்ளியில் ஒரு தாய், "டீச்சர், ஒங்க வீட்டுக்காரர்தானே அது?" என்று கேட்டிருக்கிறாள். ஜெயராணி குழுவிலிருந்து விலகப் போனாள். யோகராஜ்தான் தடுத்தான். விலகினால் அதற்கும் ஓர் அர்த்தம் சொல்வார்கள்.

பழைய ஃபேன் மட்டும் வேறொரு பெட்டியில் இரவும் பகலும் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் என்று சொன்னதுதான், ஆனால் அந்த வொய்ஸுக்குப் பிறகு உடனே திருப்பிக் கொடுத்தால் பயந்து கொடுத்ததாக ஆகிவிடும் என்று ஓடவிட்டிருந்தான். ஒரு தடவைகூட வேகம் ஏறவில்லை. பதினோராம் நாள் காலையில் அதை நிறுத்தி, பையில் போட்டு, பெயர் எழுதினான். ஃபேனில் குற்றமில்லை, பெட்டியில் குற்றமில்லை. அப்படியானால் குற்றம் அந்த வீட்டில். என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. பழசைத் திருப்பிக் கொடுத்து, அவர் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டாவது வருவோம் என்று பஸ் ஏறினான். போன் பண்ணவில்லை. அந்த வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் யாரும் போவதில்லை. ஐயாவுக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்பதற்காகவே போனான்.

வாசல் படலையைத் திறக்கும்போதே இரைச்சல் கேட்டது.

பதினொரு நாளாக, இல்லை, அதற்கு முன்னாலிருந்தும், அவன் ஒரு தடவைகூடக் கேட்டிராத அந்த இரைச்சல், யன்னல் வழியாக ரோட்டுவரைக்கும் வந்தது. யோகராஜ் செருப்பைக் கழற்றினானோ இல்லையோ, இரண்டே எட்டில் படியேறிவிட்டான். "ஐயா!" என்று கூப்பிட்டான். உள்ளே கதிரை நகரும் சத்தம், அவசர அவசரமாகக் காலடி. வாசலுக்கு வந்து அவன் எட்டிப் பார்த்தபோது, மேசைக்குப் பக்கத்தில் நிஷாந்தி நின்றாள். திரையில் அவள் புருஷன் வாயசைத்துக்கொண்டிருந்தான். இரைச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. யோகராஜின் கண் முன்னாலேயே அது முனகலாகி, மூச்சாகி, அடங்கியது.

நிஷாந்தியின் கையில் ஒரு துணி இருந்தது. பூப்போட்ட யன்னல் சீலைத் துணி. சுற்றிலும் சுருக்கு வைத்துத் தைத்த ஓர் உறை. அவள் அதை மடித்து அலுமாரிக்குள் வைக்கப் போனாள்.

"நில்லுங்க தங்கச்சி," என்றான் யோகராஜ். "அது என்னா கையில?"

"இதா? கம்ப்யூட்டர் உறை அண்ணே. தூசி படாம நான்தான் தச்சேன்."

"இப்ப எதுக்குக் கழட்டினீங்க?"

அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள். "வெளியாளு வந்தா கழட்டிருவோமே. மூடி வச்சிருந்தா எப்படி? பாக்குறதுக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

"ஆளு இல்லாதப்ப?"

"இருக்கும்."

"பாவிக்கிறப்பவும் இருக்குமா?"

"இல்ல அண்ணே, பாவிக்கிறப்ப முன்பக்கத்த தூக்கிருவோம். இப்படி." அவள் உறையைப் பெட்டிக்குப் போட்டு, மணப்பெண்ணின் முக்காட்டை விலக்குவதுபோல் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்னால் போட்டாள். இரண்டு மடிப்புத் துணியும் அந்தச் சுருக்கும் பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில், சூட்டுக்காற்று வெளியேறும் வாயிலில், அப்பளம்போல ஒட்டிக்கொண்டன.

யோகராஜ் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஆறு நிமிடம். ஃபேன் மெல்ல ஏறியது. எட்டாவது நிமிடத்தில் மலையேறும் பஸ். அவன் எழுந்து துணியை ஒரு விரலால் விலக்கினான். இறங்கியது. விட்டான். ஏறியது. யாராவது மேசையில் முட்டினால் துணி விலகும், இரைச்சல் அடங்கும். காற்றடித்தால் திரும்ப ஒட்டும். அதுதான் ஐயாவின் "திடீர்னு". கடைக்கு வரும்போது உறை வீட்டில் இருக்கும். அவன் சொல்லிவிட்டு வந்தபோது உறை அலுமாரியில் இருந்தது. மரியாதை செய்து செய்தே அவனைக் கள்ளனாக்கியிருந்தார்கள்.

தன்மேலும் அவனுக்குக் கோபம் வந்தது. மூடுகிறீர்களா என்று வாயால் கேட்டானே தவிர, எப்படி உட்கார்ந்து பாவிக்கிறீர்கள், காட்டுங்கள் என்று ஒரு தடவை கேட்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ராஜலிங்கம் ஐயா குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். யோகராஜைக் கண்டதும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்ன, சொல்லாம வந்திருக்கீங்க?"

"சொல்லிட்டு வந்ததாலதானுங்க ஐயா இவ்வளவும்!" என்று கத்தினான் யோகராஜ். பதினொரு நாள் அடைத்து வைத்திருந்த குரல். திரையில் கட்டார்காரன் திடுக்கிட்டுப் பேச்சை நிறுத்தினான். "இங்க வாங்க. இதப் பாருங்க. இந்தா ஒங்க பழைய ஃபேன், பேரு எழுதியிருக்கு. இந்தா ஒங்க வீட்டு உறை. இதுதான் கோளாறு. நானில்ல."

மூன்று தடவை செய்து காட்டினான். ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம். ஐயா மூன்று தடவையும் பார்த்தார். கணக்குத் தெரிந்த மனுஷர், புரியாமல் இல்லை. உறையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், யன்னலுக்கு வெளியே பார்த்தார். யோகராஜை மட்டும் பார்க்கவில்லை.

"சரி சரி. அப்படியா சங்கதி. நல்லதாப் போச்சு. புள்ள, தம்பிக்கு டீ ஊத்து."

"டீ வேணாங்க ஐயா. சொன்ன எடத்துலயே இதையும் சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்லாமலா? போங்க தம்பி, நான் போட்டுர்றேன். இப்பவே போட்டுர்றேன்."

யோகராஜ் நம்பினான். கோபக்காரர்கள் சீக்கிரம் நம்பிவிடுவார்கள், அதுதான் அவர்களுடைய கெட்டகாலம். பஸ் ஹோல்டில் நின்று ஏறினான். மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது மாதிரி இருந்தது. பஸ் இரண்டு ஹோல்ட் தாண்டுவதற்குள் ஜெயராணி போன் பண்ணினாள்.

"அங்க போயி நீங்க என்னா சொன்னீங்க?" அவள் குரல் சரியாக இல்லை.

"ஏன்? போட்டுட்டாரா?"

"அனுப்புறேன். கேளுங்க."

பஸ்ஸில் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டான்.

"வணக்கம் உறவுகளே. நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் விஷயம் நல்லபடியா முடிஞ்சிருச்சி. யோகராஜ் தம்பி தன்னோட தவற உணர்ந்து, இன்னிக்கு வீடு தேடி வந்து, பழைய ஃபேனத் திருப்பிக் குடுத்துட்டாரு. கோளாறையும் சரி பண்ணிக் குடுத்துட்டாரு. மனுஷன்னா தவறு செய்றது சகஜம். மன்னிக்கிறதுதான் நம்ம பண்பாடு. இதோட நாம எல்லாரும் இத மறந்துருவோம். நன்றி."

அதன் கீழே வரிசையாகக் கை கூப்பும் படங்கள். நாற்பத்து மூன்று என்று ஜெயராணி எண்ணிச் சொன்னாள். "பெரிய மனசு ஐயா" என்று ஒருவர். "திருந்தினா சரி" என்று இன்னொருவர்.

யோகராஜ் எழுந்து மணியை அடித்தான். ஹோல்ட் இல்லாத இடம். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ ஏசினான். யோகராஜ் காதில் அது விழவில்லை. இறங்கி, வந்த வழியே நடந்தான். ஒரு மைலுக்குக் குறையாது. மழை தூறியது. பதினொரு நாளாகச் சந்தேகமாக இருந்ததை, வீடு தேடிப்போய் உண்மையாக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். நடக்க நடக்க அவன் கோபம் இன்னும் நிதானமானது.

ஐயா விறாந்தையில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். யோகராஜ் படியேறவில்லை, முற்றத்திலேயே நின்றான்.

"ஐயா, நான் எந்தத் தப்ப உணர்ந்தேன்?"

"அட, நல்ல விதமாத்தானே சொல்லியிருக்கேன்? எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா போட்டிருக்காங்க பாருங்க. ஒங்க பேரு திரும்பிருச்சி. இன்னும் என்ன வேணும்?"

"திருடன மன்னிச்சாலும் அவன் திருடன்தானுங்க ஐயா."

ஐயா பத்திரிகையை மடித்தார். "கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க தம்பி. உறை தச்சது யாரு? நம்ம மருமக. புருஷன் வெளிநாட்டுல. ஒரு பொம்பளப் புள்ளையோட பேர நூத்தியெம்பது பேருக்கு முன்னால இழுக்கச் சொல்றீங்களா? எனக்கு அதுதான் கவலை."

"நீங்க சொன்னதால என் பொண்டாட்டி பேரு முன்பள்ளி வரைக்கும் இழுபட்டப்ப அந்தக் கவலை எங்கங்க ஐயா போச்சு? என்னப் பெத்தவங்க பேர இழுத்தப்ப?"

"நான் ஒங்க அப்பா பேரச் சொல்லவே இல்லையே."

"லயத்துப் புத்தின்னீங்களே. அது எங்கப்பா பேரு இல்லாம யாரு பேரு?"

ஐயா வாயைத் திறந்தார். அதற்குள் உள்ளேயிருந்து நிஷாந்தி வந்துவிட்டாள். கையில் அவளுடைய போன். அவள் மாமனாரைப் பார்த்த பார்வையில், யோகராஜுக்குத் தெரியாத பழைய கதைகள் எத்தனையோ இருந்தன.

"என் பேர நானே சொல்லிக்கிறேன் மாமா."

"உள்ள போ புள்ள. இது ஆம்பளைங்க விஷயம்."

"ஒளிஞ்சிக்கிறப்ப மட்டும் என் முதுகு வேணுமா?" என்றாள். குரல் உயரவில்லை. நின்ற இடத்திலேயே திருவிழாக் குழுவைத் திறந்து, பொத்தானை அழுத்திப் பேசினாள்.

"நான் ராஜலிங்கம் ஐயாவோட மருமக நிஷாந்தி பேசுறேன். எங்க கம்ப்யூட்டருக்கு உறை தச்சது நான். பாவிக்கிறப்ப அதத் தூக்கிப் பின்னால போடுவோம். அது காத்து போற எடத்த அடைச்சதாலதான் ஃபேன் இரைஞ்சிருக்கு. யோகராஜ் அண்ணே எதையும் எடுக்கல. தன்னோட புது ஃபேன சும்மா போட்டுக் குடுத்திருக்காரு. பழையத சோதிச்சிப் பாத்துட்டு, பேரு எழுதிக் கொண்டாந்து குடுத்துட்டாரு. தப்பு எங்க வீட்டுல. மாமா போட்ட ரெண்டு வொய்ஸும் பிழை."

விரலை எடுத்தாள். போய்விட்டது.

"அத அழிச்சிரு," என்றார் ஐயா.

அவள் அழிக்கவில்லை. ஐயா எழுந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். யோகராஜுக்கு ஒரு கணம் ஆறுதல் வரப் பார்த்தது, வரவில்லை. பெயரைக் கெடுத்தவர் வாயால் அது திரும்பவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது அந்த வாயிலிருந்துதான்.

இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறியது. முப்பது, எழுபது, நூறு. ஒரு கை கூப்பவில்லை. பெரிய மனசு என்று யாரும் எழுதவில்லை. மன்னித்ததற்கு நாற்பத்து மூன்று பேர் முந்தியடித்துக்கொண்டு வந்த இடத்தில், உண்மைக்கு ஓர் ஆள் இல்லை. கேட்டுவிட்டு எல்லாரும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

"யாரும் ஒண்ணும் போடல அண்ணே," என்றாள் நிஷாந்தி. அவள் கண் கலங்கியிருந்தது.

"போட மாட்டாங்க தங்கச்சி."

அவன் திரும்பி நடக்க இரண்டடி வைத்தபோது போன் சிணுங்கியது. ஒரு வொய்ஸ். நிஷாந்தி பெயரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அழுத்தினாள். போய்க் கத்தாதீர்கள் என்று பதினொரு நாள் அவனைக் கட்டிப்போட்டு வைத்திருந்தவள், பின்னால் முன்பள்ளிப் பிள்ளைகளின் சத்தம் அத்தனையும் அடங்கிப்போகும்படி கத்தினாள்.

"யோகராஜோட சம்சாரம் ஜெயராணி பேசுறேன். கை கூப்புனவங்க எல்லாரும், இதையும் கேட்டீங்களா?"